ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு அவசரத்துக்கு

உலகம் ஒருநாள் அழிந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஒன்றைச் செய்யவேண்டிய நிலைமை கடவுளுக்கு வந்தால், அவர் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. நேரே றக்வானைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஸ்பெயார் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். சூரியனைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரிடம் இன்னொன்று இருந்தது. சூரியனுக்குப் பதிலாகவும் ஒரு சோலர் டோர்ச் இருந்தது. சரியாகச் சொன்னால், அதிலும் இரண்டு.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் என்பதால் எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். தேயிலைப் பேக்டரியில் வயர்மேன். மெலிந்த உடம்பு. காதுக்குப் பின்னால் ஒரு டெஸ்டர். கைக்கு ஒன்றாக இரண்டு கைக்கடிகாரம்.

"ரெண்டும் வேற வேற நேரம் காட்டுனா என்னாண்ணே செய்வீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கூட்டி ரெண்டாப் பிரிச்சுக்குவேன், தம்பி."

அப்படிப் பிரித்துச் சொன்ன நேரத்தை நம்பி இரத்தினபுரி பஸ்ஸைத் தவறவிட்டவர்களில் நானும் ஒருவன்.

கைக்குட்டையும் இரண்டு வைத்திருப்பார். இடது பையில் இருப்பது கசங்கி, எண்ணெய் பட்டு, ஒரு மாதிரியாக இருக்கும். வலது பையில் இருப்பது தோய்த்து, மடித்து, மடிப்புக் கலையாமல் இருக்கும். அதை அவர் வெளியே எடுத்ததை யாரும் பார்த்ததில்லை.

"அது எதுக்குண்ணே?"

"இது வேலைக்கு. அது அவசரத்துக்கு."

"மூக்கு சிந்துறதுல என்னாண்ணே அவசரம்?"

"ஒங்களுக்கு இப்பத் தெரியாது தம்பி. வரும்" என்றார், டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொழுந்து வாட்டுகிற காற்றாடி ஒன்று நின்றுவிட்டது. நகம் அளவு சாமான் ஒன்று எரிந்திருந்தது. அதைக் கொழும்பிலிருந்துதான் எடுத்துவர வேண்டும். எடுக்கப்போன ஆள் திரும்பி வருகிறபோது மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. சாமான் வந்து சேர்வதற்குள் தொட்டியில் பரப்பியிருந்த கொழுந்தெல்லாம் அவிந்து, சிவந்து, நாற ஆரம்பித்துவிட்டது. மழையில் நின்று அதைப் பறித்த பெண்களே அதை அள்ளிக்கொண்டுபோய்க் கிடங்கில் கொட்டினார்கள். தோட்டத்தை நடத்துகிற தொரை அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்தப் பெண்களைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஸ்பெயார் அண்ணன் எதையும் ஒற்றையாக வாங்கியதே இல்லை.

கலியாணத்துக்குத் தாலி செய்யச் சொன்னபோதும் இரண்டு செய்யச் சொல்லிவிட்டார். நான் பிறப்பதற்கு முந்திய கதை இது. ஆனால் தோட்டத்தில் சொல்லாத ஆள் கிடையாது. கோயில் மண்டபத்தில், தட்டில் தேங்காய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு தாலி. பெண்ணின் மாமன் எழும்பிவிட்டார்.

"ரெண்டாவது தாலி யாருக்குடா?"

"இவளுக்குத்தாங்க. இது தொலைஞ்சா அது."

"கட்டுறதுக்கு முந்தியே தொலையுறதப் பத்திப் பேசுறானே! இவன் வெளங்குவானா?"

மேளம் நின்றது. சிலர் செருப்பைத் தேடினார்கள். அப்போது மணப்பெண் லெச்சுமி அக்கா குனிந்த தலையை நிமிர்த்தி, "ரெண்டும் எனக்குத்தானே? அப்ப ரெண்டையும் கட்டச் சொல்லுங்க" என்றாராம். கட்டினார். இன்றைக்கும் லெச்சுமி அக்கா கழுத்தில் இரண்டு தாலி. அன்றைக்கு மட்டும் ஸ்பெயார் அண்ணனின் கணக்கை ஒரு ஆள் குழப்பிவிட்டார்.

எங்கள் பழக்கம் முற்றியது இந்தச் சீனப் பார்சல்கள் வரத் தொடங்கிய பிறகுதான். போனில் படத்தைப் பார்த்து விரலால் அமர்த்தினால், சில வாரத்தில் சாமான் வந்துவிடும். தோட்டம் வரை வரும் என்று சொல்லலாம். ஆள் கைக்கு வருமா என்பது வேறு விஷயம். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு இலக்கம் போட்ட விலாசம் கிடையாது. எல்லாருடைய தபாலும் ஒரே பையில் கந்தோருக்கு வந்து என் மேசையில் கொட்டும். பார்சலில் ஒரு பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். பெருமாள் என்று இருந்தால் எந்தப் பெருமாள்? ஒருமுறை, வயரை ஒட்டுவதற்குச் சூடாக்கி ஈயம் பிடிக்கிற கோல் வேறு வீட்டுக்குப் போய், அந்த வீட்டில் கொஞ்ச நாள் ஊதுபத்தி கொளுத்தப் பயன்பட்டது. அதைத் திரும்ப வாங்கப்போனபோது, "நல்ல சாமானுங்க, காத்துக்கு அணையவே இல்ல" என்று பாராட்டித்தான் கொடுத்தார்கள்.

அப்படி வாங்கிய சாமான்களை ஒருவருக்கொருவர் காட்டுவதற்கு எங்களுக்கு ஒரு நாளும் இடமும் இருந்தது. பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறை அன்றைக்கு மலையில் வேலை இல்லை. கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவம் சும்மா கிடக்கும். அங்கே கூடுவோம். ஸ்பெயார் அண்ணன், நான், ஓட்டோ ஓடுகிற யோகன், றக்வானை பசாரில் போன் திருத்துகிற நிமால். அவன் சிங்களப் பையன்; ஸ்பெயார் அண்ணன் அவனைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த விஞ்ஞான டீச்சரும் சேர்ந்துகொண்டார். மேலேயிருந்து கொழுந்துத் தராசு தொங்கும். அவரவர் வாங்கிய சாமானை அதன் தட்டில் வைத்து, இது என்ன, எதற்கு வாங்கினேன் என்று சொல்லவேண்டும்.

சொல்கிறவர்கள் சும்மா சொல்வார்களா? கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் இலையில் உள்ள தண்ணீருக்கும் என்று எடையில் கழிப்பது வழக்கம். எங்கள் கூட்டத்தில் பேச்சுக்குக் கழிப்போம். யாராவது அளந்தால் மற்றவர்கள் "ரெண்டு கிலோ கழி!" என்று கத்தவேண்டும். அளக்கிற அளவுக்குத் தக்கபடி கிலோ கூடும்.

"இந்த ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டா அடுத்த டவுனு கொடகவெலயில கேக்கும்" என்றான் யோகன் ஒருநாள்.

"அஞ்சு கிலோ கழி!" என்றோம்.

"சரி சரி, மலைக்கு அந்தப் பக்கம் வரைக்குமாவது கேக்கும்."

"ரெண்டு கிலோ!"

"சரிடா, ஓட்டோவுக்குள்ள கேக்கும், போதுமா?"

அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

ஸ்பெயார் அண்ணன் முறை வந்தால் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொள்வோம். முதலில் ஒரு மல்டிமீட்டரைத் தட்டில் வைப்பார். அது என்ன, எப்படிப் பிடிப்பது, எதை அளக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அதை இறக்கிவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை ஏற்றுவார். மறுபடியும், "இது மல்டிமீட்டருங்க" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

டீச்சர் வந்த முதல் நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார். "அண்ணை, உது ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்லீங்க டீச்சர். அது வேலைக்கு. இது அவசரத்துக்கு. வேலை வேற, அவசரம் வேற."

டீச்சர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம்.

"அப்ப அண்ணே, அக்காவுக்கும் ஸ்பெயார் இருக்கா?" என்று கேட்டது நிமால்தான். ஸ்பெயார் அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தோம். அவர் மல்டிமீட்டரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "அதுல ஒண்ணுதான் செஞ்சிருக்காங்க, மல்லி" என்றார்.

லெச்சுமி அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குக் காது கேட்காது. இளவயதில் பேக்டரியில், கொழுந்து உருட்டுகிற ரோலர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று வருடக்கணக்கில் வேலை செய்தவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அதன்பிறகு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார். ஒருநாள் செடிக்குள் இருந்த குளவிக் கூடு கலைந்துவிட்டது. "குளவி!" என்று ஒருத்தி கத்த, எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். லெச்சுமி அக்காவுக்குக் கேட்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பறித்துக்கொண்டே இருந்தார். ஓடிய பெண்களில் இரண்டு பேர் திரும்பி வந்து இழுத்துக்கொண்டு போனதால் உயிர் தப்பியது. முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபிறகு, மலைக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காது கேட்காமல் மலை ஏற வேண்டாம். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மலை ஏறாவிட்டால் அன்றைய கணக்கில் பெயர் இல்லை, சம்பளமும் இல்லை.

டவுனில் காது மிஷின் விலை கேட்டுவிட்டு வந்த ஸ்பெயார் அண்ணன், தானே ஒன்று செய்தார். சவர்க்காரம் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு சின்ன மைக், சத்தத்தைக் கூட்டித்தர, தபால் முத்திரை அளவில் ஒரு அம்ப்ளிபயர் போர்ட், பழைய போன் பட்டரி. வெளியே ஒரு இயர்போன். அதைத் துணிப்பையில் போட்டு லெச்சுமி அக்கா கழுத்தில் மாட்டிவிட்டார். முதல் நாள், "கேக்குதா? கேக்குதா?" என்று பத்துத் தடவை கேட்டிருக்கிறார்.

"கேக்குது. ஒங்க சத்தத்தத் தவிர வேற ஏதாவது கேக்குற மாதிரி செய்ய முடியாதா?" என்றாராம் அக்கா.

பெட்டியைப் பார்த்த கணக்கப்பிள்ளை, முதுகுக்குப் பின்னால் நின்று "குளவி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். லெச்சுமி அக்கா ஓடிய ஓட்டத்தில் அவருக்குத் திருப்தியாகிவிட்டது. மலைக்கு அனுமதித்தார்.

ஆனால் றக்வானை மழை உங்களுக்குத் தெரியாது. என்னதான் பொலித்தீன் சுற்றினாலும் ஈரம் உள்ளே போய்விடும். போர்ட் அடிக்கடி செத்துவிடும். செத்த அன்றைக்கே, அவசரத்துக்கு இருப்பதை மாட்டிவிட்டு, அடுத்ததுக்குச் சொல்லிவிடுவார். அதனால் லெச்சுமி அக்கா ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் நின்றதில்லை. எங்களிடம் ஸ்பெயார் அண்ணன் ஒரே ஒரு தடவைதான் இதைப் பற்றிப் பேசினார். "அந்த ரோலர் மிஷின் ஒருநாளும் நிக்காம ஓடணும்னு பாத்துக்கிட்டவன் நான், தம்பி. அதுதான் அவ காதத் தின்னுச்சு" என்றார். யாரும் கழிக்கச் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் காலம் வந்தது. டொலர் இல்லை என்று நாடே கையை விரித்துவிட்ட காலம். பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. பார்சலும் நின்றுபோனது. போயா வந்தால் மடுவத்துக்குப் போவோம். தராசுத் தட்டு காலியாக ஆடிக்கொண்டிருக்கும். யோகன் ஒருநாள் தன் செருப்பைத் தட்டில் வைத்து, "இது புது மொடல்" என்றான். கழிப்பதற்குக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த போயாவுக்கு யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் போயாவுக்கு முன்னால், தபால் பையைக் கொட்டினால் சின்னச் சின்னப் பார்சல்கள் விழுந்தன. எனக்கு ஒன்று. யோகனுக்கு ஒன்று. டீச்சருக்கு ஒன்று. பசாரில் இருக்கிற நிமாலுக்குக்கூட ஒன்று வந்ததாகப் பின்னால் தெரிந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கொடகவெல தபால் கந்தோர் முத்திரை. பஸ் ஓடாத நாளில் யாரோ அவ்வளவு தூரம் போய்ப் போட்டிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்கப் பொலிஸ் தேவையில்லை. எல்லாப் பார்சலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தன. இரண்டு சுற்று.

போயா அன்றைக்கு மடுவம் பழையபடி கலகலப்பாக இருந்தது. எனக்குச் சட்டைப்பைக்குள் வைக்கிற ரேடியோ. நிமாலுக்கு, கார் பட்டரியில் சூடாகிற ஈயம் பிடிக்கிற கோல். டீச்சருக்கு ஒரு மழைமானிச் சாமான். யோகனுக்குத் தபால் முத்திரை அளவில் ஒரு அம்ப்ளிபயர் போர்ட். எல்லாவற்றையும் தட்டில் ஏற்றி, அறியாதவர்கள் மாதிரி விளக்கம் சொன்னோம். கடைசியாக ஸ்பெயார் அண்ணன் தன் பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்தார். தனக்கும் ஒன்று போட்டிருக்கிறார்! எங்கள் முன்னாலேயே பிரித்து, உள்ளே இருந்த டெஸ்டரைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அட! எனக்கும் யாரோ அனுப்பியிருக்காங்களே! யாரா இருக்கும்?"

"அண்ணே, பத்து கிலோ கழி!" என்றான் யோகன். அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த வருடத்தில் வேறு ஒருநாளும் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. அடுத்த போயாவில் நிமால் கேட்டான். "அண்ணே, அக்காவோட பெட்டி எப்படி?"

"நனைஞ்சு செத்துப்போச்சு, மல்லி. அதுக்கென்னா, வீட்டுல இன்னொண்ணு இருக்கு."

நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுப் பேசினோம். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் ஒரு கிலோவாவது கழித்திருப்போம். சொன்னது ஸ்பெயார் அண்ணன். அவரிடம் இன்னொன்று இல்லாமல் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில நாள் கழித்து லெச்சுமி அக்கா கந்தோருக்கு வந்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, தன் சத்தம் தெரியாமல் உரக்கப் பேசினார்.

"தம்பி! மலைக்கு வேணாம்னு நிப்பாட்டிட்டாங்க! பேக்டரியில கூட்டுற வேலையாவது இருந்தா சொல்லுங்க!"

"அண்ணேகிட்ட இன்னொரு போர்ட் இருக்குன்னாரே?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கழுத்துப் பையைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு விரலை மடக்கினார். மற்றதையும் மடக்கினார்.

"இல்ல தம்பி! அந்த இன்னொண்ணத்தான் ஓட்டோக்காரத் தம்பிக்குப் பார்சல் போட்டுட்டாரு! திரும்பக் கேளுங்கன்னு சொன்னா, குடுத்தத கேக்குறது அடுத்தவன் சோத்துத் தட்டுல கை வைக்கிற மாதிரின்னு கையால காட்டுறாரு!"

கந்தோரில் எல்லாரும் பேனாவை வைத்துவிட்டார்கள். லெச்சுமி அக்கா அதைக் கவனிக்கவில்லை.

"சம்பளம் போனாலும் போகுது தம்பி! அவரு என்னாமோ பேசிக்கிட்டே இருக்காரு! நான் அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கேன்! ஒண்ணும் வெளங்கல!"

அன்று மத்தியானமே றக்வானைக்கு இறங்கினேன். யோகன் பெற்றோல் வரிசையில் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் தள்ளுவதை நிறுத்திவிட்டான். பின்னால் இருந்தவர்கள் ஏசினார்கள்.

"கிளாக்கரண்ணே, அது அன்னைக்கே எரிஞ்சிருச்சு."

"எது?"

"அந்த போர்ட். அஞ்சு வோல்ட்டு சாமான். ஆசையில நேரா ஓட்டோ பட்டரிக்குக் குடுத்துட்டேன். புகையா வந்துச்சு. அண்ணே மனசு நோகும்னு யார்கிட்டயும் சொல்லல." அவன் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே, அது அக்காவோட காதுன்னு."

நிமாலின் கடையிலும் அப்படி ஒரு போர்ட் இல்லை. இரத்தினபுரியில் விசாரித்தான், கொழும்பில் விசாரித்தான். எங்கும் இல்லை. "பவ் அனே, பாவம்" என்று சொல்லிக்கொண்டே கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். டீச்சரிடமும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டு போய்விட்டார். போயா வரும்வரை என்ன செய்வது என்று எங்களுக்குள் யாரும் பேசிக்கொள்ளவே இல்லை.

போயா அன்றைக்கு நல்ல மழை. மடுவத்துக்கு ஸ்பெயார் அண்ணன் வழக்கம்போல் முதல் ஆளாக வந்திருந்தார். நான் என் ரேடியோவைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். நிமால் கடை வாசலில் பாடிக்கொண்டிருந்த புளூடூத் ஸ்பீக்கரை உடைத்துக் கொண்டு வந்திருந்தான். யோகன், கொடகவெல வரைக்கும் கேட்கும் என்று சொன்ன அம்ப்ளிபயரை ஓட்டோவிலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்தான். பிஸ்கட் டின் அளவு அது. அதை மாட்டினால் லெச்சுமி அக்கா கொழுந்துக் கூடைக்குள்தான் வைத்துத் தூக்கவேண்டும். டீச்சர், வகுப்பில் இடுப்பில் கட்டிக்கொண்டு பேசுகிற மைக் பெட்டியை வைத்தார். தராசுத் தட்டு நிறைந்துவிட்டது.

ஸ்பெயார் அண்ணன் எழும்பிவிட்டார். "இது என்னாது? யாரு என்னா சொன்னா? எங்கிட்டத்தான் இன்னொண்ணு இருக்குன்னு சொன்னேனே!"

"கழி அண்ணே" என்றான் யோகன். "முழுசாக் கழி."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்பெயார் அண்ணன் தட்டில் இருந்த மைக் பெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு டீச்சரிடம், "பிள்ளைகளுக்கு எப்புடிங்க படிச்சுக் குடுப்பீங்க?" என்றார்.

"நான் கத்திப் படிப்பிப்பன் அண்ணை. எனக்குத் தொண்டை இருக்கு. நீங்கள் உதைக் கழட்டுங்கோ."

கழற்றினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நிமால், ஸ்பெயார் அண்ணனே அவனுக்கு அனுப்பியிருந்த அந்தக் கோலை எடுத்தான். யோகன் ஓட்டோவை மடுவத்து வாசலுக்குள் ஏற்றினான். இந்தத் தடவை சரியான சாமானை ஓட்டோ பட்டரிக்குக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன்னால் மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டான். ஸ்பெயார் அண்ணன் கோலை வாங்கி ஈயம் பிடித்தார். நான் டோர்ச் பிடித்தேன்.

லெச்சுமி அக்காவைக் கூட்டிவந்தார்கள். அண்ணன் பெட்டியை அவர் கழுத்தில் மாட்டி, இயர்போனைக் காதில் வைத்தார். ஸ்பெயார் அண்ணன் பின்பக்கமாகப் போய் நின்றார். பேசவேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்ன மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"கத கரன்ன, அண்ணே! ஏதாவது பேசுங்க!" என்றான் நிமால்.

"லெச்சுமி" என்றார்.

"இங்கதானே இருக்கேன். என்னாங்க?" என்றார் லெச்சுமி அக்கா.

மெல்லச் சொன்னார். கந்தோரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியவர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. யோகன் ஓட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

"பயந்துட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குத் தம்பி பயப்புடணும்?" என்றார் ஸ்பெயார் அண்ணன். "இவளுக்குக் காது கேக்காத நாள்லதான் வீட்டுல நான் நிம்மதியா இருந்தேன்."

லெச்சுமி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு கிலோ கழிங்க, தம்பி" என்றார்.

மடுவம் அதிர்ந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். நிமால் தராசைக் கட்டிப்பிடித்து ஆடினான். ஸ்பெயார் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இடது பையிலிருந்து கசங்கிய கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்தார். பிறகு வலது பைக்குள் கையை விட்டு, இத்தனை வருடமாக யாரும் வெளியே பார்த்திராத அந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, மடிப்போடு என்னிடம் நீட்டினார்.

"அவசரத்துக்கு வச்சதுதான் தம்பி. தொடைங்க."

அன்றைக்கு மிச்சமான போர்டுகளை எல்லாம் அவரிடமே கட்டிக் கொடுத்துவிட்டோம். லெச்சுமி அக்கா மறுபடியும் மலைக்குப் போனார். நான் பின்னால் கொடகவெல பக்கத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பலமுறை நினைத்தேன், கொடுக்கவில்லை. தோய்த்து, மடித்து, என் வலது பையில்தான் வைத்திருக்கிறேன்.